பல மரம் வெட்டிய தச்சன்: ஹெர்பி ஹான்காக்கின் இசைப் பயணம்

என் தாத்தா ஒரு தோட்டத்துத் தச்சர். அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட பழமொழி, "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பதுதான். தமிழ்ப்பள்ளியில் மிருதங்கம் கற்கத் தொடங்கினேன். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அதை விட்டுவிட்டுக் கீபோர்டு பக்கம் திரும்பினேன். பிறகு அறிவியல் பிரிவு. இப்போது மின்பொறியியல் படித்துக்கொண்டே, கழகத்தின் கலை இரவுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். இப்படி நான் மாறிய ஒவ்வொரு முறையும் தாத்தா அந்தப் பழமொழியை எடுத்து வைப்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். இழைப்புளியைத் துடைத்துக்கொண்டே சொல்வார். அதனாலேயே அது ஆழமாகக் குத்தும்.

நம்மில் பலருக்கும் இந்தப் பழமொழி வேறு வேறு வடிவில் சொல்லப்பட்டிருக்கும். "ஒன்றில் நில்" என்பது பெற்றோர் தரும் அறிவுரை. "நீ எந்தப் பக்கம்?" என்பது நண்பர்கள் கேட்கும் கேள்வி. இந்தக் கேள்வியோடு நான் உழன்றுகொண்டிருந்த போது எனக்கு அறிமுகமானவர்தான் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, செவ்வியல் இசை, ஜாஸ், திரையிசை, ஃபங்க், மின்னணு இசை, ஹிப்ஹாப் என்று அவர் தொடாத மரம் இல்லை. அவர் எப்படி வெட்டினார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மொசார்ட்டில் தொடங்கிய சிறுவன்

ஹெர்பி ஹான்காக் 1940ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் சிக்காகோ நகரில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அரசாங்க இறைச்சிப் பரிசோதகர். தாயார் அலுவலகச் செயலாளர். ஏழு வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில், 1952ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பதினொரு வயதுச் சிறுவனாகச் சிக்காகோ சிம்பொனி இசைக்குழுவுடன் மேடையேறி மொசார்ட்டின் பியானோ கன்செர்ட்டோ ஒன்றின் முதல் பகுதியை வாசித்தார்.

அந்த வயதில் அவருக்கு இன்னொரு பித்தும் இருந்தது. வீட்டிலுள்ள கடிகாரங்களைப் பிரித்துப் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். இயந்திரம் ஏன் இப்படி இயங்குகிறது என்ற கேள்வியும், இசை ஏன் இப்படி ஒலிக்கிறது என்ற கேள்வியும் அவருக்குள் ஒன்றாகவே வளர்ந்தன. இதைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயர்நிலைப் பள்ளியில் ஒரு கலை நிகழ்ச்சியின் போது, சக மாணவர் ஒருவர் தாளைப் பார்க்காமல் ஜாஸ் பியானோ வாசிப்பதை ஹான்காக் கண்டார். தன் வயதுடைய ஒருவன், தன்னுடைய கருவியிலேயே, தன்னால் செய்ய முடியாத ஒன்றைச் செய்கிறான்! மொசார்ட்டை வாசிக்கத் தெரிந்த சிறுவனுக்கு அது ஓர் அதிர்ச்சி. வீட்டில் ஏற்கெனவே கிடந்த ஜார்ஜ் ஷியரிங்கின் இசைத்தட்டுகளைத் தேடி எடுத்தார். ஒரு வரியைக் கேட்பது, ஊசியைத் தூக்குவது, காதில் விழுந்ததைத் தாளில் எழுதுவது, மீண்டும் ஊசியை வைப்பது என்று மாதக்கணக்கில் உட்கார்ந்தார். ஆஸ்கார் பீட்டர்சனையும் அப்படியே கற்றார்.

ஜாஸ் என்பது என்ன?

ஜாஸ் நம் காதுகளுக்குப் பழக்கமில்லாத இசை. ஆனால் அதன் அடிப்படை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. கர்நாடக இசையில் ஒரு கீர்த்தனையைப் பாடிவிட்டு, அதன் இராகத்துக்குள் நின்று கற்பனைச் சுரம் பாடுவார்கள் அல்லவா? ஜாஸிலும் ஒரு பாடலின் மெட்டை முதலில் வாசிப்பார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கலைஞராக அந்த இடத்திலேயே புதிதாக ஒன்றைப் படைத்து வாசிப்பார்கள். இறுதியில் மெட்டுக்குத் திரும்புவார்கள்.

வேறுபாடு ஒன்று உண்டு. நம் இசையில் இராகமே எல்லை. ஜாஸில் அந்த எல்லையைப் பெரும்பாலும் கூட்டுச்சுரங்கள் வகுக்கின்றன. மூன்று, நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பதே கூட்டுச்சுரம். அவை ஒரு குறிப்பிட்ட வரிசையில் மாறிக்கொண்டே போகும். தனி வாசிப்பவர் அந்த வரிசையின் மேல் நடப்பார். அவருக்குக் கீழே கூட்டுச்சுரங்களைப் போட்டுத் தருவது பியானோ கலைஞரின் வேலை. நம் கச்சேரியில் வயலின் கலைஞரும் மிருதங்கக் கலைஞரும் பாடகரைத் தாங்குவதைப் போன்றது இது. எனவே நல்ல ஜாஸ் பியானோ கலைஞர் முதலில் நன்றாகக் கேட்பவராக இருக்க வேண்டும். ஹான்காக்கின் கதை முழுவதும் இந்தக் கேட்கும் திறனின் கதைதான் எனலாம்.

பொறியியலும் பியானோவும்

1956ஆம் ஆண்டு ஐயோவா மாநிலத்திலுள்ள கிரின்னெல் கல்லூரியில் சேர்ந்தபோது ஹான்காக் எடுத்த பாடம் இசை அன்று, பொறியியல். வேலை கிடைக்கும் படிப்பு வேண்டும் என்ற கவலை நம் வீடுகளுக்கு மட்டும் உரியதன்று போலும். ஆனால் கல்லூரியில் தாமே ஒரு ஜாஸ் குழுவைத் திரட்டி, அதற்கு இசை எழுதத் தொடங்கியதும் மனம் எங்கே இருக்கிறது என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. இசைத் துறைக்கு மாறினார். ஆனாலும் பொறியியல் அறையில் கழித்த காலம் வீணாகவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து அது வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

கல்லூரியை விட்டுச் சிக்காகோ திரும்பியவரை டிரம்பெட் கலைஞர் டோனால்ட் பேர்ட் தம் குழுவில் சேர்த்துக்கொண்டு, 1961ஆம் ஆண்டு நியூயார்க்குக்கு அழைத்துச் சென்றார். பேர்ட் அவருக்கு அண்ணனைப் போல இருந்தார். தங்க இடம் கொடுத்தார். அதைவிடப் பெரிய ஓர் அறிவுரையும் கொடுத்தார். அதைச் சொல்வதற்குமுன் ஒரு தர்பூசணி வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தர்பூசணிக்காரரின் வண்டி

1962ஆம் ஆண்டு, தமது 22ஆம் வயதில், புளூ நோட் நிறுவனத்துக்காக ஹான்காக் முதல் இசைத்தொகுப்பைப் பதிவு செய்தார். பெயர் 'டேக்கின் ஆஃப்'. அதில் ஒரு பாடலாவது பரவலாக மக்களைச் சென்றடைய வேண்டும் என்று நினைத்தார். கறுப்பின மக்களின் வாழ்க்கையிலிருந்து, பொய்யில்லாத ஒன்றைத் தேடினார். சிறு வயதில் சிக்காகோவின் கல் பதித்த சந்துகளில் வந்த தர்பூசணிக்காரரின் குதிரை வண்டி நினைவுக்கு வந்தது. கல்மேல் சக்கரம் உருளும் ஓசையும் குதிரைக் குளம்படியும் தாளமாயின. வண்டிக்காரரைக் கூப்பிடும் பெண்களின் குரல் மெட்டாயிற்று. அதுவே 'வாட்டர்மெலன் மேன்'.

பேர்ட் தந்த அறிவுரை இதுதான்: பாடலின் பதிப்புரிமையை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதே. அக்காலத்தில் இளம் கலைஞர்கள் பதிவு செய்ய வாய்ப்புக் கிடைத்தால் போதும் என்று உரிமையைக் கொடுத்துவிடுவது வழக்கம். ஹான்காக் கொடுக்கவில்லை. 1963ஆம் ஆண்டு கியூபாவைச் சேர்ந்த தாளக் கலைஞர் மொங்கோ சாந்தாமரியா அதே பாடலைத் தம் பாணியில் வெளியிட, அது அமெரிக்காவின் முதல் பத்துப் பாடல்களுள் ஒன்றாக ஏறியது. அதனால் வந்த உரிமைத் தொகை ஹான்காக்கின் கைக்கே வந்தது. அந்தப் பணம் பின்னர் எதற்குப் பயன்பட்டது என்பதுதான் கதையின் சுவையான இடம். அங்கே வருவோம்.

மைல்ஸ் டேவிஸ் நடத்திய வகுப்பு

1963ஆம் ஆண்டு, டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் தம் வீட்டுக்கு வரச் சொன்னார். அங்கே பாஸ் கலைஞர் ரோன் கார்ட்டரும், பதினேழே வயதான டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸும் இருந்தார்கள். மைல்ஸ் சிறிது நேரம் வாசித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். இளைஞர்கள் தாங்களாகவே வாசித்தார்கள். இப்படிச் சில நாட்கள் கடந்தன. மைல்ஸ் மாடியிலிருந்த ஒலிபெருக்கி வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது ஹான்காக்குக்குப் பின்னால்தான் தெரிந்தது. கடைசியில் பதிவுக்கூடத்துக்கு வரச் சொன்னார். தாம் குழுவில் சேர்க்கப்பட்டு விட்டோமா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் ஹான்காக் அங்கே போனார்.

அடுத்த ஆண்டு சாக்சஃபோன் கலைஞர் வேய்ன் ஷார்ட்டரும் சேர்ந்தபின், ஜாஸ் வரலாற்றின் மிகச் சிறந்த குழுக்களுள் ஒன்றாக அந்த ஐவர் குழு மதிக்கப்பட்டது. மைல்ஸ் பாடம் நடத்துகிற ஆசிரியர் அல்லர். ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு முறை ஹான்காக் தம் வாசிப்பு தேங்கிவிட்டதாக வருந்தியபோது, வெண்ணெய்ச் சுரங்களை வாசிக்காதே என்ற பொருளில் ஏதோ முணுமுணுத்தார். அது என்ன வெண்ணெய்? ஹான்காக் யோசித்தார். வெண்ணெய் என்றால் கொழுப்பு. கொழுப்பு என்றால் தேவைக்கு மேல் இருப்பது. கூட்டுச்சுரத்தின் தன்மையை வெளிப்படையாகக் காட்டிக் கொடுப்பவை மூன்றாம், ஏழாம் சுரங்கள். அவற்றை விட்டுவிட்டு வாசித்துப் பார்த்தார். வாசிப்பில் காற்று புகுந்தது. தனி வாசிப்பவருக்கு எந்தத் திசையிலும் போக இடம் கிடைத்தது. மைல்ஸ் உண்மையில் சொன்னது வேறு சொல்லாகவும் இருக்கலாம் என்று ஹான்காக்கே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். தவறாகக் காதில் விழுந்த சொல்லிலிருந்தும் ஒருவரால் கற்க முடியும்!

இதே ஆண்டுகளில் தம் பெயரிலும் அவர் பதிவுகள் செய்துகொண்டிருந்தார். 1965இல் வந்த 'மெய்டன் வோயேஜ்' அவற்றுள் தலையாயது. கடற்பயணத்தைப் பற்றிய அந்தத் தொகுப்பின் முதல் இசை, ஆண்களுக்கான வாசனைத் திரவிய விளம்பரம் ஒன்றுக்காக எழுதப்பட்டது என்றால் நம்புவீர்களா? கரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் கூட்டுச்சுரங்களால் ஆன இசை அது. கேட்டால் அலையில் மிதப்பதைப் போல இருக்கும். 1966இல் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'புளோ-அப்' திரைப்படத்துக்கும் இசையமைத்தார்.

தவறான சுரம்

ஹான்காக் பல மேடைகளில் சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. 1960களில் ஐரோப்பாவில் ஒரு கச்சேரி. குழு உச்சத்தில் இருக்கிறது. மைல்ஸ் தனி வாசிப்பில் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கிறார். சரியாக அந்த நேரத்தில் ஹான்காக் முற்றிலும் தவறான ஒரு கூட்டுச்சுரத்தை அழுத்திவிட்டார். எல்லாம் பாழாயிற்று என்று காதுகளைப் பொத்திக்கொள்ளாத குறை. மைல்ஸ் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு சில சுரங்களை வாசித்தார். அந்தச் சுரங்கள், ஹான்காக்கின் தவறான கூட்டுச்சுரத்தைச் சரியானதாக்கிவிட்டன.

அது எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின என்கிறார் ஹான்காக். மைல்ஸ் அதைத் தவறு என்று தீர்ப்பளிக்கவில்லை. நடந்துவிட்ட ஒன்றாக மட்டும் ஏற்றுக்கொண்டார். அதற்கு அடுத்து என்ன செய்யலாம் என்பதைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். தனிச் சுரம் எதுவும் தன்னளவில் தவறாவதில்லை, அதற்கு அடுத்து வரும் சுரமே அதன் பொருளை முடிவு செய்கிறது என்பது ஜாஸ் கற்றுத் தரும் பாடம்.

இந்த நிகழ்ச்சியைக் கேட்டபோது எனக்கு முதலாம் படிவ வகுப்பறை நினைவுக்கு வந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மலாய்ப் பாடத்தில் ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். 'பெராங்' என்று நாம் எழுதக்கூடிய மலாய்ச் சொல், அதன் முதல் உயிரொலியைச் சற்று மாற்றினால் பழுப்பு நிறம் என்ற பொருளிலிருந்து போர் என்ற பொருளுக்குத் தாவிவிடும். என் வாயில் பழுப்புச் சட்டை போர்ச் சட்டை ஆயிற்று. வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். அந்த ஆண்டு முழுவதும் நான் கை உயர்த்தவில்லை. என் தவறான சுரத்துக்கு அடுத்து நான் வாசித்தது மௌனம். அந்த வகுப்பில் ஒரு மைல்ஸ் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். இன்னொன்றையும் நினைக்கிறேன்: இன்று நம் கழக மேடையில் தமிழில் தடுமாறும் ஒரு முதலாம் ஆண்டு மாணவருக்கு நாம் யாராக இருக்கிறோம்?

மின்சாரம் நுழைகிறது

1960களின் இறுதியில் ஒரு நாள் ஹான்காக் பதிவுக்கூடத்துக்குப் போனபோது வழக்கமான பியானோவைக் காணவில்லை. ஒரு மூலையில் ஃபெண்டர் ரோட்ஸ் எனப்படும் மின்பியானோ நின்றது. அதைத்தான் வாசிக்க வேண்டும் என்றார் மைல்ஸ். விளையாட்டுப் பொருள் என்று நினைத்துக்கொண்டே தொட்டார். ஓசை அழகாக இருந்தது. ஒலியைக் கூட்டினால் டிரம்ஸுக்கு ஈடு கொடுக்கவும் முடிந்தது.

மின்பொறியியல் மாணவன் என்ற முறையில் ஒரு விளக்கம். சாதாரணப் பியானோவில் சுத்தியல் கம்பியை அடிக்கும். ரோட்ஸில் அது மெல்லிய உலோகக் குச்சியை அடிக்கிறது. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட சிறு கருவி, அக்குச்சியின் அதிர்வை மின்னலையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. மின்கிட்டாரும் இவ்வாறே இயங்குகிறது. மற்றவர்கள் அஞ்சி விலகிய கம்பிகளையும் பொத்தான்களையும் கடிகாரம் பிரித்த சிறுவன் ஆவலோடு வரவேற்றான்.

1968இல் திருமணமாகித் தேனிலவுக்குப் பிரேசில் சென்ற இடத்தில் ஹான்காக்குக்கு உணவு நஞ்சாகிவிட்டது. குறித்த நாளில் திரும்ப இயலவில்லை. மைல்ஸ் அவருடைய இடத்தில் சிக் கொரியாவை அமர்த்திவிட்டார். இடம் போனதை இழப்பாக எண்ணாமல் ஹான்காக் சொந்தக் குழு தொடங்கினார்.

நட்டத்தில் ஓடிய குழு

அந்தக் குழு 'முவாண்டிஷி' என்ற பெயரால் அறியப்படுகிறது. சுவாஹிலி மொழியில் எழுதுபவர் என்பது இதன் பொருள். கறுப்பின மக்கள் தங்கள் ஆப்பிரிக்க வேர்களைத் தேடிய காலம் அது. குழுவினர் ஆளுக்கொரு சுவாஹிலிப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்களின் இசை எல்லை கடந்தது. ஒரு பாடல் அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும். எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று வாசிப்பவருக்கே தெரியாது. மின்னணு ஒலியாக்கிகளும் உள்ளே வந்தன.

இசை உயர்ந்தது. வருமானம் உயரவில்லை. குழுவுக்குச் சம்பளம், விடுதி, கருவிகளை ஏற்றிச் செல்லும் செலவு எல்லாவற்றையும் ஈடுகட்ட ஹான்காக் தம் கைப்பணத்தைப் போட்டார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஆம், தர்பூசணிக்காரரிடமிருந்துதான். பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுக்காமல் காத்த உரிமை, அவருடைய மிகத் துணிச்சலான சோதனைக்குச் சோறு போட்டது. ஆனாலும் 1973இல் குழுவைக் கலைக்க நேர்ந்தது.

இறங்கி வந்தாரா?

1972இல் குழுவின் பாஸ் கலைஞர் பஸ்டர் வில்லியம்ஸ் மூலம் ஹான்காக் நிச்சிரென் பௌத்த நெறியைத் தழுவியிருந்தார். குழு கலைந்த பிறகு, மந்திரம் ஓதிக்கொண்டிருந்தபோது ஓர் உண்மையைத் தமக்குத் தாமே ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறார். தாம் மைல்ஸ் டேவிஸைப் போலவோ ஜான் கோல்ட்ரேனைப் போலவோ மேதை அல்லர். அதை மறந்துவிட்டு மக்களுக்கு மகிழ்ச்சி தரும் இசையைச் செய்யலாமே! தாம் வீட்டில் விரும்பிக் கேட்பது ஸ்லை ஸ்டோனின் ஃபங்க் இசை. அப்படியானால் அதை வாசிக்க ஏன் கூச்சப்பட வேண்டும்? ஜாஸ் கலைஞன் என்ற பெருமைதானே தடுக்கிறது?

1973இல் வெளிவந்த 'ஹெட் ஹன்டர்ஸ்' அந்தக் கேள்விக்கு விடை. முதல் பாடலான 'கமீலியன்', அதாவது பச்சோந்தி, ஒலியாக்கியில் ஹான்காக்கே வாசித்த கனத்த பாஸ் வரியோடு தொடங்கும். அடுத்து 'வாட்டர்மெலன் மேன்' புது வடிவில் வந்தது. அதன் தொடக்கத்தில் பில் சமர்ஸ் ஒரு பீர் போத்தலின் வாயில் ஊதி, மத்திய ஆப்பிரிக்கப் பிக்மி மக்களின் குழல் ஓசையைக் கொண்டுவந்தார். சிக்காகோ சந்து ஆப்பிரிக்கக் காட்டோடு கைகோத்தது. இத்தொகுப்பு பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது.

பழிச்சொல்லும் வந்தது. ஜாஸை விற்றுவிட்டார், பணத்துக்காக இறங்கி வந்துவிட்டார் என்று விமர்சகர்கள் சிலர் சாடினார்கள். இதற்கு அவர் சொல்லால் விடை தேடவில்லை. 1976ஆம் ஆண்டு நியூபோர்ட் ஜாஸ் விழாவின் ஓர் அங்கமாக நியூயார்க்கில் நடந்த கச்சேரியில், ஒரே இரவில் மூன்று குழுக்களுடன் வாசித்தார். மைல்ஸுக்குப் பதில் ஃபிரெடி ஹப்பர்ட் டிரம்பெட் வாசிக்க, பழைய ஐவர் குழு ஒன்று. முவாண்டிஷி குழு ஒன்று. ஃபங்க் குழு ஒன்று. ஏறிய ஏணியை அவர் எட்டி உதைக்கவில்லை என்பதற்கு அந்த இரவே சான்று. 1978இல் தம் இடத்தைப் பிடித்த சிக் கொரியாவுடனேயே இரு பியானோக்கள் மட்டும் கொண்ட கச்சேரிகளும் செய்தார்!

ஊசி கீறும் ஓசை

1983இல் அடுத்த மரம். பில் லாஸ்வெல், மைக்கேல் பைன்ஹார்ன் என்ற இளம் இசைத் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து 'ராக்கிட்' என்ற பாடலை உருவாக்கினார். அதில் கிராண்ட்மிக்சர் டி.எஸ்.டி. என்ற கலைஞர், சுழலும் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து, ஊசி கீறும் ஓசையையே தாளக்கருவியாக்கினார். ஒரு காலத்தில் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து ஜாஸ் கற்ற சிறுவனின் பாடலில், ஊசியே இசைக்கருவியாக மாறியது எத்தகைய பொருத்தம்! கிராமி விருது மேடையில் அதைக் கண்ட இளைஞர்கள் பலர் தாங்களும் தட்டைச் சுழற்றக் கிளம்பினார்கள். இயந்திர மனிதர்கள் ஆடும் அப்பாடலின் காணொளி, 1984இல் முதன்முறையாக நடந்த எம்டிவி விருது விழாவில் ஐந்து விருதுகளை வென்றது.

அவருக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. தம்மிலும் மிக இளையவர்களிடம் கற்க அவர் வெட்கப்படவில்லை. அதே காலத்தில் மின்கருவி எதுவுமின்றி, இளம் டிரம்பெட் கலைஞர் வின்டன் மார்சாலிஸுடன் தூய ஜாஸ் பதிவும் செய்தார். 1986இல் வந்த 'ரவுண்ட் மிட்நைட்' திரைப்படத்துக்கு இசையமைத்து ஆஸ்கார் விருது பெற்றார். அதில் நாயகனாக நடித்தவர், ஹான்காக்கின் முதல் தொகுப்பில் சாக்சஃபோன் வாசித்த டெக்ஸ்டர் கோர்டன் என்பது குறிப்பிடத்தக்கது.

சொற்களைப் படித்த பியானோ

கூட்டுச்சுரங்களையே கேட்டுப் பழகிய தமக்குப் பாடல் வரிகள் காதில் விழுவதே இல்லை என்று ஹான்காக் வெளிப்படையாகச் சொல்பவர். அப்படிப்பட்டவர் 2007இல் கனடாவைச் சேர்ந்த பாடலாசிரியர் ஜோனி மிட்செலின் பாடல்களைக் கொண்டு 'ரிவர்' என்ற தொகுப்பைச் செய்தார். பதிவுக்கூடத்தில் வாசிக்குமுன் கலைஞர்களுக்குப் பாடல் வரிகளை அச்சிட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு வரியின் பொருளையும் பேசிய பிறகே கருவியைத் தொட்டார்கள். 2008 பிப்ரவரியில் அத்தொகுப்பு ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதை வென்றது. ஏமி வைன்ஹவுஸும் கான்யே வெஸ்டும் போட்டியில் இருந்தார்கள். ஜாஸ் தொகுப்பு ஒன்று அவ்விருதைப் பெற்று 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. 67 வயதில் தம் குறையைத் தேடிப் போய்க் கற்றதன் பலன் அது.

2010இல் வந்த 'தி இமேஜின் புராஜெக்ட்' நமக்கு இன்னும் நெருக்கமானது. பல நாடுகளில், பல மொழிகளில் பதிவு செய்யப்பட்ட அத்தொகுப்பில் அனுஷ்கா சங்கரின் சித்தாருடன் ஒரு பாடல் உண்டு. அதில் பாடியிருப்பவர்களுள் ஒருவர், தமிழ்த் திரையிசை வழியே நம் வீடுகளில் வளர்ந்த குரலான கே. எஸ். சித்ரா. 2011இல் யுனெஸ்கோவின் நல்லெண்ணத் தூதரானார் ஹான்காக். அவருடைய முயற்சியால் 2012 முதல் ஏப்ரல் 30ஆம் நாள் அனைத்துலக ஜாஸ் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2014இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜாஸின் அறம் பற்றி ஆறு உரைகள் நிகழ்த்தினார். 2025இல் சுவீடனின் போலார் இசை விருதைப் பெற்றார்.

இருளும் உண்டு

இது வெற்றிகளின் பட்டியலாக மட்டும் முடிந்தால் நேர்மையாக இராது. 1985இல் விமான விபத்தொன்றில், பாடல்கள் எழுதிவந்த தங்கை ஜீனை அவர் இழந்தார். 1990களில் போதைப்பொருளுக்கு அடிமையானார். குடும்பத்தினரும் நண்பர்களும் தலையிட்டு, சிகிச்சைக்கு அனுப்பி மீட்டார்கள். வெளியே யாருக்கும் தெரியாத இதனை 2014இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் அவரே எழுதினார். மறைத்திருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. வாழ்க்கையிலும் தவறான சுரத்துக்கு அடுத்த சுரத்தை அவர் வாசித்தார் என்றே இதைக் கொள்கிறேன்.

தாத்தா சொன்ன விடை

கடந்த விடுமுறையில் ஹான்காக்கின் கதையைத் தாத்தாவிடம் சொன்னேன். "பல மரம் பார்த்தவர்தான் தாத்தா இவரு. எல்லாத்தையும் வெட்டியும் இருக்காரு" என்றேன். பிறகு துணிந்து, "நீங்க எத்தனை வகை மரம் வெட்டியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

தாத்தா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். கதவு நிலைக்குச் செங்கால். அலமாரிக்கு மெராந்தி. பிறகு ரப்பர் மரம், பலா. எண்ணிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஒவ்வொரு மரத்துக்கும் உளியை வேற மாதிரி தீட்டணும்டா ஐயா. தீட்டாம கைய வச்சா மரமும் போச்சு, உளியும் போச்சு. பழமொழியில கண்ட தச்சன்னுதான் இருக்கு. பாத்துட்டுப் போறவனச் சொன்னது அது."

ஹான்காக் எந்த மரத்தையும் பார்த்துவிட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றின் முன்னும் மாணவராக உட்கார்ந்து உளியைத் தீட்டினார். இசைத்தட்டுகளோடு மாதங்கள், மைல்ஸோடு ஐந்து ஆண்டுகள், நட்டத்தில் ஓடிய குழுவோடு மூன்று ஆண்டுகள், அறுபத்தேழு வயதில் பாடல் வரிகளோடு. பல துறை வல்லமை என்பது பல முறை தொடக்கநிலை மாணவராகச் சம்மதிப்பதுதான்.

தமிழ்ப்பள்ளி, தேசியப் பள்ளி, பல்கலைக்கழகம் என்று மொழியும் சூழலும் மாறி மாறி வந்த நமக்கு அந்தச் சம்மதம் புதிதன்று. நாம் எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லி நேரத்தைக் கழிக்க வேண்டாம், தோழர்களே. எந்தப் பக்கம் போனாலும் உளியைத் தீட்டினோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நம் அருகில் யாரேனும் தவறான சுரத்தை வாசித்துவிட்டால், சிரிப்பதற்குமுன் அடுத்த சுரத்தை எடுத்துக் கொடுப்போம். இந்த ஆண்டுக் கலை இரவில் நானும் வாசிக்கிறேன். எங்கேனும் பிசகினால், தயவுசெய்து உடன் பாடுங்கள்.